சாரதியின் கவனயீனம்: எங்கள் பஸ் வண்டிகளும் சட்டம் எட்டாத இடமும்

2005 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27 ஆம் திகதி காலை, அலவ்வைக்கு அண்மையிலுள்ள யாங்கல்மோதரை ரயில் கடவையில் தனியார் பஸ் வண்டியொன்று ரயிலுடன் மோதியது. 35 இற்கும் அதிகமானோர் மாண்டனர். கடவை மூடப்பட்டிருந்த வேளையில் அதனைக் கடந்துவிட அந்தச் சாரதியைத் தூண்டியது, இன்னொரு பஸ் வண்டியுடன் ஏற்பட்டிருந்த போட்டியே என்ற செய்தி அன்றே வந்துவிட்டது.

அன்று மாலை செய்தி மேசையில் இருந்தவர்களுள் நானும் ஒருவன். கிடைத்த விபரங்களைத் தொகுத்து, 'சாரதியின் கவனயீனமே விபத்துக்குக் காரணம்' என்ற வரியோடு செய்தியை முடித்துக்கொடுத்தேன். அந்த வரி எனக்குப் புதியதன்று. பத்திரிகைத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவைகள் அதனை எழுதியிருக்கிறேன். பிறர் எழுதி அனுப்பியதைத் திருத்தாமல் அச்சுக்கு விட்டுமிருக்கிறேன். அது பொய்யான வரி என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அது அரைகுறையான வரி. அந்தச் சாரதி எதற்காகப் போட்டி போட்டான், அவனுடைய அன்றைய வருமானம் எதில் தங்கியிருந்தது, வண்டியின் சொந்தக்காரர் யார், அவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கியவர்கள் எதனைப் பரிசோதித்துவிட்டு வழங்கினார்கள் என்ற கேள்விகளை நான் கேட்கவில்லை. ஏனைய பத்திரிகைகளிலும் அவற்றைப் பெரிதாகக் கண்டதாக நினைவில்லை.

பிற்பாடு இலங்கையின் பஸ் சேவை பற்றிய பழைய சட்டங்களையும் அறிக்கைகளையும் தேடி வாசிக்கத் தொடங்கியபோது ஒரு விடயம் எனக்குத் தெளிவாயிற்று. இந்த நாட்டில் பஸ் வண்டிகளை ஒழுங்குபடுத்தச் சட்டங்கள் இல்லாத காலம் மிகக் குறைவு. ஏறக்குறைய ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதிய சட்டம் வந்திருக்கிறது. ஆயினும் சட்டத்தின் கை பெரும்பாலும் வீதியில் நிற்கும் சாரதியின் சட்டைப் பையைத்தான் எட்டியிருக்கிறதேயன்றி, வண்டியை ஓடவிட்டுப் பணம் எண்ணுபவரின் கணக்குப் புத்தகத்தை எட்டியதில்லை. எட்டிய சில வேளைகளில் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. அந்த வரலாற்றையே இங்கு சுருக்கமாகச் சொல்ல முனைகிறேன்.

ஒரு வண்டி, ஒரு முதலாளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த மோட்டார் பஸ் வண்டி, ஆரம்பத்தில் பெரிய கம்பனிகளின் தொழிலாக இருக்கவில்லை. சிறிது பணம் சேர்த்தவர் அல்லது கடன் வாங்கியவர் ஒரு வண்டியை வாங்கி வீதியில் விட்டார். சில வேளைகளில் அவரே அதனை ஓட்டினார். யாழ்ப்பாணத்துத் தட்டிவான்களைக் கண்ட மூத்த தலைமுறையினருக்கு இந்த முறைமை விளங்கும். சந்தைக்கு மரக்கறி மூட்டைகளையும் மனிதர்களையும் ஒன்றாக ஏற்றிச் சென்ற அந்த வாகனங்களை, ஊரவர்கள் அவற்றின் உரிமையாளர்களின் பெயரைச் சொல்லியே அழைத்தனர்.

ஒரே வீதியில் பல முதலாளிகளின் வண்டிகள் ஓடத் தொடங்கியபோது சிக்கல் எழுந்தது. பயணிகள் நிறைந்த நேரத்தில் பத்து வண்டிகள் முண்டியடித்தன. பயணிகள் குறைந்த நேரத்தில் ஒரு வண்டியும் வரவில்லை. தரிப்பிடத்தில் நீண்ட நேரம் காத்து நிற்பதும், பின்னால் மற்ற வண்டி வருவதைக் கண்டதும் தலைதெறிக்க ஓடுவதும் வழக்கமாயின. இன்றைய நிலையை விபரிக்கிறேன் என்று எவரேனும் எண்ணினால் அவர்மீது தவறில்லை. நான் எழுதுவது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இலங்கையைப் பற்றி.

இதே சிக்கலை எங்களுக்கு முன்னரே சந்தித்த பிரித்தானியா, 1930 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் பஸ் சேவைகளை அனுமதிப்பத்திர முறைக்குள் கொண்டுவந்தது. அச்சட்டத்தின் 19 ஆம் பிரிவு குறிப்பிடத்தக்கது. களைப்புற்ற சாரதியால் பொதுமக்களுக்கு ஏற்படும் ஆபத்தைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஒரு சாரதி இடைவிடாது ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது. 24 மணித்தியாலத்துள் மொத்தமாக 11 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டலாகாது. தொடர்ச்சியாக 10 மணித்தியால ஓய்வு அவருக்குக் கிடைக்கவேண்டும். இவ்வெல்லைகளை மீறி ஓட்டுபவர் மாத்திரமன்றி, தம்மிடம் தொழில் புரிபவரை அவ்வாறு ஓட்டச் செய்பவரும் ஓட்ட அனுமதிப்பவரும் குற்றவாளிகள் என்று அப்பிரிவு கூறியது. 'ஓட்டச் செய்பவர்' என்ற அந்தச் சொல்லை வாசகர்கள் மனதில் வைத்திருக்கவேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மனிதரைத் தேடியே செல்கிறது.

1942 இன் சட்டம்

இலங்கையில் 1938 ஆம் ஆண்டின் மோட்டார் கார் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1942 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க ஒம்னிபஸ் சேவை அனுமதிக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் மையக் கருத்து எளிமையானது. ஒரே வீதியின் ஒரே பகுதியில் வெவ்வேறு ஆட்கள் ஒழுங்கான பஸ் சேவையை நடத்தாதவாறு அனுமதிப்பத்திரங்களை ஆணையாளர் வழங்கவேண்டும். அதாவது போட்டியை வீதியிலிருந்தே அகற்றிவிடுவது. சாரதியைத் தண்டித்துப் போட்டியை நிறுத்த முடியாது, போட்டி பிறக்கும் இடத்திலேயே அதனை நிறுத்தவேண்டும் என்பதை அச்சட்டத்தை ஆக்கியோர் உணர்ந்திருந்தனர் என்றே கருதவேண்டியுள்ளது.

விளைவு விரைவாகவே தெரிந்தது. தனித்தனி முதலாளிகள் ஒன்றிணைந்து வரையறுக்கப்பட்ட கம்பனிகளை அமைத்தனர். தென்மேற்குக் கரையோரத்தில் சவுத் வெஸ்டேர்ன் பஸ் கம்பனி பெருநிறுவனமாக வளர்ந்தது. அதனைக் கட்டியெழுப்பிய சேர் சிறில் டி சொய்சா பின்னாளில் செனற் சபையின் தலைவராகவும் விளங்கினார். பஸ் தொழிலுக்கும் அரசியலுக்கும் இடையிலான நெருக்கம் அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

ஆனால் ஒரு சிக்கலைத் தீர்த்த சட்டம் இன்னொன்றைப் பிறப்பித்தது. வீதியில் போட்டி நின்றது. அனுமதிப்பத்திரத்துக்கான போட்டி ஆரம்பித்தது. ஆணையாளரின் தீர்மானத்துக்கு எதிராக மேன்முறையீட்டு நியாய சபைக்கும், அங்கிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் வழக்குகள் சென்றன. அக்காலத் தீர்ப்புத் தொகுதிகளைப் புரட்டுவோர் பஸ் கம்பனிகளின் பெயர்களை அடிக்கடி காண்பர். ஒரு வழித்தடம் ஒருவருக்கே உரியதாகிவிட்டால், அவர் வண்டியைத் திருத்தாவிட்டாலும், நேரத்துக்கு விடாவிட்டாலும் பயணிக்கு வேறு வழியில்லை. தனியுரிமையை வழங்கிய அரசாங்கம் அதற்கு ஈடாக எதனைக் கேட்டுப் பெற்றது என்ற கேள்வி எழுந்தது.

அதனை ஆராய 1948 இல் இரத்தினம் அறிக்கையும், 1954 இல் சன்சோனி அறிக்கையும், 1956 இல் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் வெளிவந்தன. மூன்றும் ஒரே முடிவையே கூறின: பஸ் சேவை தேசியமயமாக்கப்பட வேண்டும். இந்த அறிக்கைகளின் காலத்தைக் கவனிக்கவேண்டும். முதலிரண்டும் ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியிலிருந்தபோது வந்தவை. ஆகவே தேசியமயமாக்கம் 1956 இன் அரசியல் அலை கொண்டுவந்த திடீர் எண்ணம் என்று கூறுவது முழு உண்மையாகாது.

சம்பளம் பெற்ற சாரதி

1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், 1958 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1 ஆம் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவும் போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்கவும் அதன் அரசியல் தந்தையர். வியர் டி மெல் முதலாவது தலைவரானார். அதன் உச்சக் காலத்தில் சுமார் 7,000 பஸ் வண்டிகளும் 50,000 இற்கும் அதிகமான ஊழியர்களும் அச்சபையின் கீழ் இருந்தனர். உலகின் மிகப் பெரிய பஸ் நிறுவனங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது.

'இ.போ.ச.' என்ற மூன்று எழுத்துகளுடன் வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். 1970களின் பிற்பகுதியில் பாடசாலைப் பருவகாலச் சீட்டுடன் அந்தச் சிவப்பு வண்டிகளில் ஏறியிறங்கியிருக்கிறேன். வண்டி பிந்தி வரும். சில நாட்களில் வராமலே விடும். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போன நாட்களும் உண்டு. ஆனால் ஒரு சிவப்பு வண்டி இன்னொரு சிவப்பு வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடியதை நான் கண்டதில்லை. ஓடுவதற்குக் காரணம் இருக்கவில்லை. பத்துப் பேர் ஏறினாலும் நூறு பேர் ஏறினாலும் சாரதியின் மாதச் சம்பளம் ஒன்றே.

வண்டி இரவில் 'சாலை'க்குத் திரும்பும். அங்கே அதனைப் பார்வையிடுவதற்குத் தொழில்நுட்ப ஊழியர்கள் இருந்தனர். பெரிய திருத்தங்களுக்கு வெரஹெரவில் மத்திய தொழிற்சாலை இருந்தது. வழியில் பரிசோதகர் ஏறிப் பயணச்சீட்டையும் நடத்துநரின் கணக்கையும் பார்த்தார். தவறிழைத்த சாரதியை நீதிமன்றத்துக்கு முன்னரே அவருடைய சொந்த நிறுவனம் விசாரித்தது. சட்டத்துக்கு அமைந்தொழுகுதல் பொலிஸார் வீதியில் நின்று திணிக்கும் ஒன்றாக இராமல், நிறுவனத்தின் அன்றாட வேலைகளுள் ஒன்றாக இருந்தது. 1942 இன் சட்டம் போட்டியை அகற்றியது. 1958 இன் ஏற்பாடு சாரதியின் வருமானத்தைப் பயணிகளின் எண்ணிக்கையிலிருந்து பிரித்தது. இரண்டாவதே பெரிய மாற்றம் என்பது என் எண்ணம்.

அந்தச் சபையைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. அரசியல்வாதிகளின் கடிதத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் அங்கே வேலை கிடைத்தது. நட்டம் பெருகியது. வண்டிகள் போதவில்லை. அதிக பயணிகளை ஏற்றக்கூடாது என்ற விதியை அரசாங்கத்தின் நிறுவனமே நாள்தோறும் மீறியது. மீறியதற்காக அதனைக் கேட்பதற்கு எவரும் இருக்கவில்லை. தன்னைத் தானே கண்காணிக்கும் நிறுவனத்தின் பலவீனம் அதுவே. அந்தப் பலவீனத்துக்கு நாங்கள் பிற்காலத்திலும் விலை கொடுக்க நேர்ந்தது.

மீண்டும் ஒரு வண்டி, ஒரு முதலாளி

1977 இல் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் வந்தது. 1978 இன் சட்டம் சபையை ஒரு மத்திய சபையாகவும் ஒன்பது பிராந்திய சபைகளாகவும் பிரித்தது. எம்.எச். முகம்மது போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில், 1979 இல் தனியார் பஸ் வண்டிகளுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. வண்டிகள் போதாமையால் அல்லற்பட்ட மக்கள் அதனை வரவேற்றனர். வடக்கிலும் கிழக்கிலும் பின்னர் போர் மூண்டு சாலைகள் சீரழிந்தபோது, மக்களுக்குக் கைகொடுத்தவை இந்த மினிபஸ் வண்டிகளே என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் திறந்த கதவால் உள்ளே வந்தவை 1942 இன் சட்டம் உருவாக்கிய கம்பனிகள் போன்றவையன்று. அதற்கு முந்திய காலத்துத் தனி முதலாளிகள். ஒரு வண்டி, ஒரு முதலாளி. ஓய்வூதியப் பணத்தை இட்டவர், காணியை ஈடுவைத்தவர், லீசிங் கம்பனியில் வண்டி எடுத்தவர் என்று பலதரப்பட்டோர் இத்தொழிலுக்கு வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பேராசைக்காரர்கள் அல்லர். மாதம் முடிய லீசிங் தவணை கட்டவேண்டியவர்கள்.

1990களில் நான் புறக்கோட்டைப் பஸ் நிலையத்தில் ஒரு விவரணக் கட்டுரைக்காகச் சில நாட்கள் அலைந்தேன். அங்கே ஒரு சாரதி தமது நாளை எனக்கு விளக்கினார். விடிய நான்கு மணிக்கு வண்டி எடுப்பது. மாலையில் முதலாளிக்கு ஒரு தொகை போகவேண்டும். டீசலுக்கு ஒரு தொகை. நிலையத்தில் நேரம் பார்ப்பவருக்கு, ஆள் கூவி ஏற்றுபவருக்குச் சில்லறை. மிஞ்சுவதிலேதான் அவரும் நடத்துநரும் பங்கு பிரிக்கவேண்டும். "முதல் ஓட்டங்கள் எல்லாம் மற்றவனுக்கு ஐயா, கடைசி ஓட்டந்தான் என்ர பிள்ளைகளுக்கு" என்றார் அவர். கடைசி ஓட்டம் என்பது இரவு. பதினான்கு, பதினைந்து மணித்தியாலம் ஓட்டிய மனிதர், தமது சொந்த வருமானத்துக்காகச் சக்கரத்தைப் பிடிக்கும் வேளை அது. முந்திச் செல்லும் வண்டி அடுத்த தரிப்பில் நிற்கும் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அவருடைய அன்றைய நாள் வீண்.

அதே வழித்தடத்தில் ஒரு வண்டி வைத்திருந்த முதலாளியிடமும் பேசினேன். சாரதி எவ்வளவு நேரம் ஓட்டுகிறார் என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாது தம்பி. பின்னேரம் காசு வந்தால் சரி" என்றார். அவர் ஒளிவுமறைவின்றியே சொன்னார். அவருக்குத் தெரியவேண்டிய அவசியம் இருக்கவில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் வாகன உரிமையாளரின் கடமைகள் எழுதப்பட்டுள்ளன. சாரதிகளின் தொடர் ஓட்டத்துக்கு எல்லை விதிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. ஆனால் நாட்பணத்தை மாத்திரம் பெற்றுக்கொள்ளும் முறைமையில், சாரதி எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார் என்பதற்குக் கணக்கே எழுதப்படுவதில்லை. பதிவு இல்லாத இடத்தில் மீறலை நிரூபிப்பது எவ்வாறு?

நீதவான் நீதிமன்றச் செய்திகளைச் சேகரித்த காலத்தில் இதன் மறுபக்கத்தைக் கண்டேன். பஸ் சாரதிகள் வரிசையாக நிற்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வார்கள். தண்டப்பணம் கட்டுவார்கள். வெளியே வந்ததும் அந்தப் பணத்தை மீட்பதற்கு அன்று மாலையே இன்னும் வேகமாக ஓடவேண்டியிருக்கும். தண்டப்பணம் குற்றத்தைத் தடுக்காமல், அதன் செலவுக் கணக்கில் ஒரு வரியாகிவிட்டிருந்தது.

ஆணைக்குழுவும் காகிதங்களும்

13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர் மாகாணத்துக்குள் ஓடும் பஸ் வண்டிகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. மாகாணங்களுக்கிடையே ஓடுபவற்றுக்காக, 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வழித்தட அனுமதிப்பத்திரம் நிபந்தனைகளோடு வண்டியின் உரிமையாளருக்கே வழங்கப்பட்டது. நேர அட்டவணை வந்தது. தூரப் பயண வண்டிகள் நேரப் பதிவுத் தாளைக் கொண்டு செல்லவேண்டியதாயிற்று. காகிதத்தில் பார்த்தால், 'ஓட்டச் செய்பவரை' அரை நூற்றாண்டின் பின்னர் சட்டம் மீண்டும் கண்டுபிடித்துவிட்டது.

நடைமுறையோ வேறு விதமாக அமைந்தது. அனுமதிப்பத்திரமே ஒரு சொத்தாகிவிட்டது. வண்டியின் விலையோடு வழித்தடத்தின் விலையும் சேர்த்துப் பேசப்பட்டது. சொத்தாகிவிட்ட ஒன்றை மீறலுக்காகப் பறிப்பது எந்த அதிகாரிக்கும் இலகுவன்று. பறிக்க முனைந்தால் சங்கம் வரும், பணிப்பகிஷ்கரிப்பு வரும், அரசியல்வாதியின் தொலைபேசி அழைப்பு வரும். அதனால் ஒழுங்குபடுத்தல் என்பது காகிதங்களைச் சரிபார்த்தலாகச் சுருங்கியது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதி வேண்டும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். 2008 முதல் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். இவை ஒவ்வொன்றும் பயனுள்ளவையே. ஆயினும் அவை யாவும் வருடத்தில் ஒரு நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதையே கூறுகின்றன. ஏனைய நாட்களில் அதன் தடுப்பு எப்படி இருந்தது, சாரதி எத்தனை மணித்தியாலம் உறங்கினார் என்பதை எந்தச் சான்றிதழும் கூறுவதில்லை.

அரசாங்கச் சேவையும் இதே காலத்தில் பல தடவைகள் உருமாறியது. 1990களின் ஆரம்பத்தில் 'மக்கள்மயப்படுத்தல்' என்ற பெயரில் சாலைகள் தனித்தனிக் கம்பனிகளாக்கப்பட்டன. பின்னர் அவை பிராந்தியக் கம்பனிகளாகத் திரட்டப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் சட்டத்தினால் மீண்டும் ஒரே இலங்கைப் போக்குவரத்துச் சபையாயின. பெயர்ப் பலகைகள் மாறியபோது, பராமரிப்பையும் கண்காணிப்பையும் பற்றி அறிந்திருந்த மூத்த ஊழியர்கள் ஓய்வுபெற்றுச் சென்றனர்.

25,000 ரூபா

2016 ஆம் ஆண்டின் இறுதியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், ஏழு பாரிய வீதிக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டப்பணமாக 25,000 ரூபாவை முன்மொழிந்தது. தனியார் பஸ் சங்கங்கள் கொதித்தெழுந்து பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கின. நாட்டின் விவாதம் முழுவதும் தொகையைப் பற்றியதாகவே இருந்தது. 25,000 ரூபா கூடுதலா, குறைவா? ஏழைச் சாரதி அதனை எவ்வாறு கட்டுவான்?

அந்த ஏழு குற்றங்களுள் ஒன்று ஏனையவற்றிலிருந்து வேறுபட்டது: சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக அமர்த்துதல். அது மட்டுமே வேலைக்கு அமர்த்துபவரை நோக்கிய குற்றம். மது போதை, மிகை வேகம், ரயில் கடவை, இடப்புறமாக முந்துதல் ஆகியன சக்கரத்தைப் பிடித்திருப்பவரை நோக்கியவை. களைத்த சாரதியை ஓட்டச் செய்தல், நாட்பணம் நிர்ணயித்து விரட்டுதல், தடுப்புப் பழுதான வண்டியை வீதிக்கு அனுப்புதல் என்பன அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. பணிப்பகிஷ்கரிப்பு நடந்த நாட்களில் இதனைச் சுட்டிக்காட்டி ஒரு பத்தி எழுதினேன். சாரதிகளுக்காக முதலாளிகள் பரிந்து பேசுவதைக் கேட்க மகிழ்ச்சியாக இருந்தது. அதே பரிவு சம்பளச் சீட்டில் தெரிந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பிரித்தானியா இந்தத் திருப்பத்தை 1968 இலேயே கடந்துவிட்டது. பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டமூலம், சரக்கு வாகனங்களை நடத்துவோருக்கு 'நடத்துநர் உரிமம்' என்ற முறையை வகுத்தது. அங்கே 'நடத்துநர்' என்பது பயணச்சீட்டுக் கொடுப்பவரை அன்று, தொழிலை நடத்துபவரைக் குறிக்கும். அவர் தகுதியும் நற்பெயரும் உடையவரா, வாகனங்களைப் பராமரிக்க அவரிடம் இடமும் பணமும் உண்டா, சாரதிகளின் ஓட்ட நேரத்தைக் கட்டுப்படுத்த ஏற்பாடு உண்டா என்பவை ஆராயப்பட்ட பின்னரே உரிமம் வழங்கப்படும். 1980 இன் சட்டம் பஸ் சேவைகளுக்கும் இதே முறையைக் கொண்டுவந்தது. மீறல்கள் சேர்ந்தால் போக்குவரத்து ஆணையாளர் உரிமையாளரை அழைத்து விசாரிப்பார், வாகனங்களின் எண்ணிக்கையைக் குறைப்பார், உரிமத்தையே நீக்குவார். தண்டப்பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம். உரிமம் நீங்கினால் கணக்கு எழுதுவதற்குத் தொழிலே இராது.

பிரித்தானியாவில் விபத்துகள் இல்லை என்று நான் கூறவில்லை. ஒரு வண்டி வைத்திருக்கும் எங்கள் முதலாளியிடம் அத்தனை நிபந்தனைகளையும் ஒரே நாளில் சுமத்தவும் முடியாது. ஆனால் பத்து, இருபது முதலாளிகள் ஒரு வழித்தடத்தில் இணைந்து, வருமானத்தைப் பொதுவில் சேர்த்து, ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பங்கிட்டு, சாரதிக்கு மாதச் சம்பளம் கொடுத்தால் நிலைமை மாறும். 1942 இல் முதலாளிகள் கம்பனிகளாக இணைந்தது தாமாக விரும்பியன்று. இணையாவிடின் அனுமதிப்பத்திரம் இல்லை என்ற நிலையினாலேயே. அன்று முடிந்தது இன்று முடியாது என்பதற்கில்லை.

சிவப்பு வண்டியும் விழுந்தது

இவ்வளவும் எழுதிய பின்னர், என் வாதத்துக்கு எதிரான சாட்சியையும் நான் முன்வைக்கவேண்டும். 2025 ஆம் ஆண்டு மே மாதம் 11 ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டி கொத்மலை கரண்டிஎல்லவில் பள்ளத்தில் பாய்ந்தது. 20 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அது தனியார் வண்டியன்று, இ.போ.ச. வண்டி. அதன் சாரதி நாட்பணத்துக்காக ஓடியவரல்லர். வெசாக் விடுமுறைக் காலத்தில், இருக்கைகளின் எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் அதில் பயணித்தனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்ற தனியார் பஸ் வண்டி எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் மாண்டனர்.

கொத்மலை எனக்குக் கற்பித்தது இதுதான். வண்டி யாருடையது என்பது மாத்திரம் போதாது. தனியாரோ அரசாங்கமோ, 'ஓட்டச் செய்பவரை' வெளியிலிருந்து ஒருவர் கேள்வி கேட்கவேண்டும். இரவுப் பயணத்துக்கு ஒரு சாரதியை அனுப்பியவர் அவருடைய முந்திய நாள் ஓய்வைப் பார்த்தாரா? அத்தனை பேரை ஏற்றவேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அந்த நடத்துநருக்கு இருந்ததா? மேலதிக வண்டியை அனுப்பும் பொறுப்பு யாருடையது? 1970களில் எங்களை மிதிபலகையில் தொங்கவிட்ட அதே குறைபாடு, அரை நூற்றாண்டின் பின்னர் மலைநாட்டுப் பள்ளத்தில் தன் விலையைக் கேட்டது.

கொத்மலை விபத்தைத் தொடர்ந்து தூரப் பயணச் சாரதிகளுக்கு ஆசனப்பட்டி கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில், இ.போ.ச. வண்டிகளும் தனியார் வண்டிகளும் ஒரே நேர அட்டவணையில் ஓடும் திட்டத்துக்கு எதிராக இ.போ.ச. தொழிற்சங்கங்கள் பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டன. தொழிற்சங்கங்களுக்குத் தமது நியாயங்கள் இருக்கலாம். ஆனால் இணைந்த நேர அட்டவணை என்பது, வீதியில் இரு வண்டிகள் ஒரே பயணிக்காக ஓடுவதை நிறுத்துவதற்கு 1942 இலிருந்து நாங்கள் தேடிவரும் வழிகளுள் ஒன்று. அட்டவணையோடு சாரதியின் ஓட்ட நேரப் பதிவும், அப்பதிவுக்கு உரிமையாளரின் கையொப்பமும் சேருமாயின், அது ஒரு நல்ல தொடக்கமாக அமையும்.

இப்பொழுது விபத்துச் செய்திகளைத் திருத்தும் இளம் பத்திரிகையாளர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. 'சாரதியின் கவனயீனம்' என்ற வரியை நீக்குமாறு நான் அவர்களிடம் சொல்வதில்லை. அதன் கீழே மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். அந்தச் சாரதி அன்று எத்தனை மணிக்கு வேலைக்கு ஏறினார்? அவருடைய சம்பளம் எவ்வாறு கணக்கிடப்படுகிறது? அந்த வண்டியின் அனுமதிப்பத்திரம் எவருடைய பெயரில் இருக்கிறது, கடைசியாக அவரை விசாரித்தது எப்போது? யாங்கல்மோதரை விபத்து நடந்த நாளில் இந்த மூன்று கேள்விகளையும் நான் கேட்டிருக்க முடியும். தொலைபேசி என் மேசையிலேயே இருந்தது.